தன்னாமுனைப் பாறையின் விளைச்சல்

ஒரு பாறையைக் கையால் தொட்டுப் பார்க்காமலே அதன் உள்மனதை முழுவதும் அறிந்துகொண்ட அலுவலகம் இந்த உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அந்த அலுவலகத்தில் நான் வேலை செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அலுவலகத்தின் பெயர் 'வாவிக்கரை நீரேற்று நிலைய வடிவமைப்பு மற்றும் கண்காணிப்புப் பிரிவு'. பெயர்ப்பலகையில் இடம் போதாதபடியால் 'கண்காணிப்பு' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார்கள். தன்னாமுனையில், வாவிக்குப் பக்கத்தில், பதினொரு மீற்றர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி அதற்குள் தண்ணீர் இறைக்கும் பம்பிகளை இறக்குவது எங்கள் பணி. நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். மன்னார்ப் பக்கமிருந்து இந்த வேலைக்காகவே வந்தவன். பள்ளிக்கூடம் எனக்குப் பாதியில் நின்றுபோனது. மிச்சத்தை அகராதி படிப்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்க ஆள் இல்லாதவனுக்கு அகராதி நல்ல துணை. எதைக் கேட்டாலும் மூன்று பதில் சொல்லும். எந்தப் பதிலுக்கும் பொறுப்பேற்காது. இந்த விதத்தில் அது ஓர் உயர் அதிகாரியைப் போன்றது.

எங்கள் உயர் அதிகாரி தலைமைப் பொறியியலாளர் உதயரூபன் சேர். குருக்கள்மடத்துக்காரர். நல்ல மனிதர். யாருக்கும் கெட்ட செய்தி சொல்ல மனம் வராதவர். அவர் கணினிக்குள் ஒரு 'மாதிரி' கட்டியிருந்தார். மாதிரி என்றால், வெளியே இருக்கிற நிலத்தைப் போலவே கணினிக்குள் ஒரு நிலம். தன்னாமுனையை நாற்பத்திரண்டாயிரம் முக்கோணங்களாகக் கூறுபோட்டு, இவ்வளவு பாரம் வரும் வரைக்கும் தாங்கு, அதற்கு மேலே போனால் இப்படி இப்படி நெளி என்று ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். அவை சொன்னபடி கேட்டன. தன்னாமுனையில் சொன்னபடி கேட்ட நிலம் அது மட்டும்தான்.

கீழே இருந்தது மென்பாறை. ஊர்ச்சனம் அதை 'உக்கல் கல்' என்று சொல்லும். பார்த்தால் கல், பிடித்தால் மண். சோதனைக்காக அதில் இருபத்துநான்கு உருளைகளைத் துளைத்தெடுத்து லொறியில் கொழும்புக்கு அனுப்பினோம். பதினேழு உருளைகள் போகிற வழியிலேயே உதிர்ந்து தூளாகிவிட்டன. தூளானவை 'சோதனைக்குத் தகுதியற்றவை' என்று தீர்மானிக்கப்பட்டு எறியப்பட்டன. குலுங்கிக் குலுங்கிப் போயும் உடையாத ஏழையும் மிகவும் கண்டிப்பாகச் சோதித்தார்கள். அவை உடையவில்லை. அந்த ஏழு கல்லின் பலத்தை எடுத்து நாற்பத்திரண்டாயிரம் முக்கோணத்துக்கும் பகிர்ந்து கொடுத்தோம். சமத்துவம் என்பதை நான் முதன்முதலில் கண்ணால் கண்டது அங்கேதான்.

அப்படி இருந்தும் மாதிரி ஒரு சின்ன முரண்டு பிடித்தது. கணினிக்குள் குழியை ஆறு மீற்றருக்குக் கீழே கொண்டு போனதும் திரையில் சிவப்பு நிறம் கிளம்பியது. குழியின் சுவரில் தொடங்கி மேற்குப் பக்கமாக நடந்து, மாதிரியின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"இந்தச் சிவப்புக்குப் பேர் என்ன சேர்?" என்று கேட்டேன். அறிக்கையைத் தமிழில் எழுதவேண்டியவன் நான்தானே.

"யீல்ட்."

"யீல்ட் எண்டா?"

"பாரம் தாங்கேலாமக் கல்லு விட்டிரும் தம்பி. நெளிஞ்சு போயிரும். மறுகா பாரத்தை எடுத்தாலும் பழையபடி வராது."

"அப்ப 'உடையும்' எண்டு போடட்டா?"

சேர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "உங்களுக்கென்ன விசரா? உடையும் எண்டு போட்டாச் சனம் பயந்திருமே! நல்ல சொல்லாப் பாத்துப் போடுங்க."

நல்ல சொல்லாகப் பார்த்தேன். அகராதியில் யீல்டுக்கு எதிரே முதலாவதாக இருந்தது 'விளைச்சல்'. ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று சொல்கிறோமே, அந்த விளைச்சல்.

"விளைச்சல்." சேர் அதை வாய்க்குள் போட்டு ஒருமுறை உருட்டிப் பார்த்தார். "என்ன மாதிரி ஒரு சொல்லு! கேக்கவே வயிறு நிறையிது. போடுங்க, போடுங்க."

போட்டேன். முப்பத்தேழு இடத்தில் போட்டேன். 'ஆறு மீற்றர் ஆழத்துக்குக் கீழே மென்பாறை விளைச்சல் தரும். விளைச்சல் மேற்குப் பக்கமாகப் பரவும்.' வாசித்துப் பார்த்தபோது எனக்கே ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கவேண்டும் போல இருந்தது.

மேற்குப் பக்கத்தில் இருந்தது மார்கிறட் அக்காவின் வீடு. குழிக்கும் வாவிக்கும் இடையில் இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. அந்தக் குசினியில் காலை நாலரைக்கு எழும்பி இடியப்பம் அவித்து, தன்னாமுனையிலிருந்து ஏறாவூர் வரைக்கும் கடைகளுக்குக் கொடுக்கிற சீவியம் அவவுடையது. புருசன் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன்.

மாதிரியின் ஓரம் அவவின் குசினிச் சுவருக்கு ஒரு முழம் இந்தப் பக்கத்தில் முடிந்தது. ஓரத்தில் நிலம் அசையக்கூடாது என்பது கணக்கின் விதி. ஓரமே அசையாதபோது ஓரத்துக்கு அங்காலே இருக்கிற குசினி அசைவதற்கு வழியே இல்லை. இந்த நல்ல செய்தியை யாரும் போய் குசினிச் சுவரிடம் சொல்லாத காரணத்தால் அது வெடிக்கத் தொடங்கியது.

மார்கிறட் அக்கா அலுவலகத்துக்கு வந்தா.

"சேர், குசினிக் கதவு சாத்துப்படுதில்ல."

"எப்ப இருந்து அக்கா?"

"நீங்க குழி வெட்டத் தொடங்கின நாள்ல இருந்து."

"மழைக்கு மரம் ஊதியிரிக்கும்."

"மழை எங்க சேர் பெய்ஞ்ச? புரட்டாதி மாசம், வாவியே வத்திப்போய்க் கிடக்கு."

"அப்ப வெயிலுக்கு ஊதியிரிக்கும்."

"சுவரும் வெடிச்சிரிக்கி. முதல்ல அந்த வெடிப்புக்குள்ள ஒரு போஸ்காட் போகும். மறுகா தேத்தண்ணிக் கரண்டி போச்சி. இப்ப என்ட சின்ன விரல் போகுது. மாரி மழை இறங்கினா நானே முழுசாப் போயிருவன் சேர்."

சேர் அவவைக் கூப்பிட்டுத் தனக்குப் பக்கத்தில் இருத்தித் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு சாதாரண ஆளுக்கு மாதிரியைக் காட்டுவது அவருடைய பெருந்தன்மை. "இந்தா பாருங்க. இதுதான் உங்கட பக்கம். அசைவு பூச்சியம்."

மார்கிறட் அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தா. "இதுக்குள்ள என்ட வீடு எங்க?"

"வீடு இதுக்குள்ள இல்ல."

"இல்லாத வீடு எப்பிடி சேர் அசையும்?"

"அதைத்தான் அக்கா நானும் சொல்றன்!" சேருக்கு முகமெல்லாம் சந்தோசம். "உங்களுக்குச் சுகமா விளங்கிட்டே! இது மாதிரி. உண்மை மாதிரியே இரிக்கும்."

"என்ட வீடு, வீடு மாதிரி இல்ல சேர். அது வீடு. அதையும் இதுக்குள்ள போடுங்க."

மறுக்கிற பழக்கம் சேரிடம் இல்லை. மாதிரியை ஒரு முழம் இழுத்து வீட்டையும் போட்டார். மாதிரியில் ஒரு பொருளைப் போடுவதென்றால் அதற்கு ஒரு தன்மை கொடுக்கவேண்டும். வீடு என்ன தன்மை? அதற்குள் ஆள் இருப்பதையும், காலையில் அடுப்பு எரிவதையும் முக்கோணத்துக்கு விளங்கப்படுத்த முடியாது. ஆகவே வீட்டைப் 'பாரம்' என்று போட்டார். இவ்வளவு தொன் பாரம், மேலே இருந்து கீழே. கணினி முக்கால் மணித்தியாலம் யோசித்துவிட்டு, குழிக்கு ஆபத்து வீட்டால்தான் என்று தீர்ப்புச் சொன்னது.

'தங்களது வீடு எமது குழியை அழுத்துவதாக அறியக்கிடக்கிறது. பதினான்கு நாட்களுக்குள் மேற்படி வீட்டின் பாரத்தைக் குறைத்து ஒத்துழைக்குமாறு தயவுடன் வேண்டப்படுகிறீர்.'

கடிதத்தை மொழிபெயர்த்தது நான். தட்டச்சு செய்தது நான். பின்னேரம் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்ததும் நான். தபால்காரருக்கு ஒரு நடை மிச்சம்.

மார்கிறட் அக்கா அதை வாசித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தா. "என்னத்தத் தம்பி குறைக்கச் சொல்றாங்க? மாதா சுரூபத்தத் தூக்கி வெளிய வைக்கவா? இடியப்பத் தட்டையெல்லாம் வாவிக்குள்ள எறியவா?"

நான் கடித உறையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"முன்னறையில நீ இரிக்காய். குறைக்கிறதெண்டா முதல்ல உன்னைத்தான் குறைக்கோணும்." சொல்லிவிட்டு எனக்கு இடியப்பமும் சொதியும் வைத்தா. ஒரு தட்டு கூடுதலாகவே வைத்தா. அந்த இரவு வீட்டின் பாரம் கொஞ்சம் கூடியது.

இதற்கிடையில் குழி ஐந்து மீற்றருக்கு இறங்கிவிட்டது. மண் தோண்டுகிற பெக்கோ மெசினை ஓட்டியவர் ரொபின். மட்டக்களப்பு ரவுணில் உள்ள பறங்கிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். தகப்பனும் மெசின்காரர், பாட்டனும் மெசின்காரர். இரும்பு எதில் முட்டினாலும், முட்டுகிற சத்தத்தில் என்ன ஏது என்று சொல்வார். அறிவியல் அறியாதவர்களிடம் காணப்படும் குறைபாடு இது.

"சேர், வாளி கல்லுல பட்டாச் சத்தம் வரோணும். இது சத்தமே போடுதில்ல. அடுப்பில கிண்டுற தொதலுக்குள்ள கரண்டி போற மாதிரிப் போகுது."

"தொதல் மாதிரியோ கல் மாதிரியோ எண்டு சொல்ல நீங்க யாரு ரொபின்? மாதிரி எங்களுக்கிட்டத்தானே இரிக்கி."

ரொபின் தலையைச் சொறிந்தார். "கோவிக்காதீங்க சேர். கீழ ரெண்டு பொடியன்மார் நிண்டு வேலை செய்றானுகள், அதான் கேட்டன். தகர வேலியில ஒட்டியிரிக்கிற உங்கட அறிக்கையையும் வாசிச்சன். விளைச்சல் நல்லா வரும் எண்டு கிடக்கு. அப்ப பயமில்லத்தானே?"

"ஒரு பயமும் இல்ல."

ரொபின் என்னைப் பார்த்தார். எழுதியவன் நான் என்று அவருக்குத் தெரியும். நான் என் சப்பாத்தில் ஒட்டியிருந்த உக்கல் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

சட்டப்படி அறிக்கையின் பிரதிகள் பதினாறு அரசாங்கக் கந்தோர்களுக்குப் போகவேண்டும். போயின. பதினைந்து கந்தோர்கள் அதை மரியாதையாகக் கோவையில் போட்டுக் கட்டிவைத்தன. பதினாறாவது கந்தோரில் ஒரு விபத்து நடந்தது. அதை வாசித்துவிட்டார்கள். வாசித்தவர் வயல் காணிகளைப் பார்க்கிற கமநலக் கந்தோர் உத்தியோகத்தர் யசோதினி மிஸ்.

ஒரு மத்தியானம் ஸ்கூட்டியில் வந்து மார்கிறட் அக்காவின் படலையடியில் இறங்கிக் குழிக்குப் போகிற வழியைக் கேட்டா. வெயிலில் வந்த பிள்ளையை வழி மட்டும் சொல்லி அனுப்ப மார்கிறட் அக்காவுக்குத் தெரியாது. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தா. நான் சாப்பிட வந்திருந்தேன். யசோதினி மிஸ் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குசினிச் சுவரைப் பார்த்தா. பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தா. சின்ன விரல் சுகமாகப் போனது. மோதிர விரலும் போனது.

"இதென்னக்கா இது?"

"விளைச்சல் புள்ள," என்றா மார்கிறட் அக்கா. "இந்தத் தம்பி அப்பிடித்தான் எழுதியிரிக்காரு."

நான் தேத்தண்ணிக்குள் எறும்பு தேடினேன்.

"அக்கா, நீங்க முறைப்பாடு குடுக்கல்லயா?"

"குடுத்த. என்ட வீடு குழியை நெருக்குதாம், கடிதம் வந்திரிக்கி. மழைக்கு முதல் இந்தக் குழியை நிப்பாட்டாட்டி எனக்கு வீடு இல்ல புள்ள. போறதுக்கு எனக்கு வேற இடமும் இல்ல."

யசோதினி மிஸ் விரலில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டினா. "வீடு வெடிச்சா நிப்பாட்ட எனக்கிட்டச் சட்டம் இல்லக்கா. எனக்கிட்ட இரிக்கிறது வயல் சட்டம் மட்டும்தான்." சொல்லிக்கொண்டே பையிலிருந்து எங்கள் அறிக்கையை எடுத்துப் புரட்டினா. ஒரு பக்கம், இன்னொரு பக்கம். அவவின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல மலர்ந்தது. "தம்பி, இது முழுக்க நீங்க எழுதினதா?"

"ஓம் மிஸ்."

"அருமையா எழுதியிரிக்கீங்க." என் எழுத்துக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் பாராட்டு அது.

பத்து நிமிசத்தில் அவ குழியடியில் நின்றா. கையில் அளவு நாடா, நிரப்புகிற போம் படிவங்கள் ஒரு கட்டு. குழி அப்போது ஐந்தரை மீற்றர்.

"சேர், வயல் காணியில அனுமதி எடுக்காமக் குழி வெட்டேலா."

"வயலா?" உதயரூபன் சேர் சிரித்தார். "இது பாறை மிஸ்."

"விளைச்சல் தரும் எண்டு முப்பத்தேழு தரம் எழுதிக் கையெழுத்தும் வெச்சிரிக்கீங்களே."

"ஐயோ, அது யீல்ட்!"

"ஓம். எங்கட இங்கிலீசுப் போமிலயும் அதைத்தான் போட்டிரிக்கி. எவ்வளவு யீல்ட் சேர்?"

"ஒண்டு தசம் எட்டு மெகாபஸ்கால்."

மிஸ் எழுதிக்கொண்டா. "மெகாபஸ்கால். புது இனமா? மூண்டு மாச நெல்லா, மூண்டரை மாசமா?"

"அது நெல்லு இல்ல மிஸ்! அமுக்கம்!"

"அமுக்கின நெல்லு." அதையும் எழுதிக்கொண்டா. "காணி எந்த வட்டையில சேருது?"

இங்கே வயல்வெளியை வட்டை என்பார்கள். ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு பெயர் இருக்கும். பெயர் இல்லாமல் போம் நிரம்பாது.

"வட்டையும் இல்ல, கிட்டையும் இல்ல!"

"பேர் இல்லாட்டி நான் என்னத்தப் போடுற சேர்?"

பெக்கோவுக்குள் இருந்து ரொபின் தலையை நீட்டினார். "உக்கல் வட்டை எண்டு போடுங்க மிஸ்."

போட்டா. அந்தக் கணம் முதல் பம்பி இறக்கப்போன குழி 'உக்கல் வட்டை' என்ற பெயரில் அரசாங்கப் பதிவேட்டில் ஒரு வயலாகியது. எங்கள் அறிக்கை ஒட்டியிருந்த தகர வேலியில், அதற்கு மேலேயே தடை அறிவித்தலை ஒட்டிவிட்டு, ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டு அவ போய்விட்டா.

மூன்று கிழமை வேலை நின்றது. மூன்று கிழமையும் குசினி வெடிப்பு மோதிர விரலோடு நின்றது. இதை நான் சேரிடம் சொன்னபோது, தற்செயலான இரண்டு நிகழ்ச்சிகளைத் தொடர்புபடுத்துவது விஞ்ஞானம் ஆகாது என்று எனக்கு அன்போடு விளங்கப்படுத்தினார்.

ஐப்பசி பிறந்து வானம் கறுக்கத் தொடங்கியது. மழைக்கு முதல் குழியை முடிக்கவேண்டும் என்று மேலிடம் நெருக்கியது. சேர் அவசரக் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். யசோதினி மிஸ் வந்தா. மார்கிறட் அக்கா 'பாதிக்கப்படாத தரப்பு' என்ற வகையில் அழைக்கப்பட்டா. நிகழ்ச்சி நிரலில் ஒரே ஒரு விடயம்: அந்தச் சொல்லை மாற்றுவது.

"விளைச்சல் எண்டது மொழிபெயர்ப்புப் பிழை மிஸ்," என்றார் சேர், என்னைப் பார்க்காமல். "திருத்தம் தாறம். தடையை எடுத்திருங்க."

"எடுக்கலாம் சேர். என்ன சொல்லு போடப்போறீங்க? அது எந்தக் கந்தோருக்குரிய சொல்லு எண்டு பாத்துத்தான் நான் விடலாம்."

சேர் கண்ணை மூடி யோசித்தார். "விட்டுக்கொடுத்தல். பாறை விட்டுக்கொடுக்கும்."

"காணியை விட்டுக்கொடுக்கிறதெண்டாக் காணிக் கந்தோர் சேர். காணி உறுதிப் பத்திரம் கேப்பாங்க."

"அப்ப இணங்கல். பாறை இணங்கும்."

"யாரோட இணங்கும்? ரெண்டு பேருக்கு நடுவில இணக்கம் எண்டா இணக்க சபை. பாறையையும் கூட்டிக்கிட்டுப் போகோணும்."

"தளர்வு!"

"ஊரடங்குச் சட்டத்தத்தான் தளர்த்திற. அது பொலிசு."

சேர் நெற்றியைத் துடைத்தார். "சரி, இடப்பெயர்வு. பாறை கொஞ்சம் இடம்பெயரும். அவ்வளவுதான்."

இந்த மாவட்டத்தில் அந்தச் சொல்லை அகராதி பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் யாரும் இல்லை.

"அது நிவாரணக் கந்தோர் சேர்," யசோதினி மிஸ் மெதுவாகச் சொன்னா. "எத்தினை குடும்பம் எண்டு முதல்ல கேப்பாங்க."

மார்கிறட் அக்கா கையை உயர்த்தினா. "ஒண்டு."

சேர் அவவைப் பார்க்கவில்லை. மேசையில் குத்தினார். "என்னதான் போடச் சொல்றீங்க? உடையும் எண்டா போடச் சொல்றீங்க?"

மிஸ் யோசித்தா. விரல்விட்டு எண்ணினா. கமநலம், காணி, பொலிஸ், நீர்ப்பாசனம், கடற்றொழில் என்று ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தா. "உடையும் எண்ட சொல்லுக்கு இந்த மாவட்டத்தில ஒரு கந்தோரும் இல்ல சேர்."

"ஒருத்தரும் பொறுப்பு இல்லயா?"

"ஒருத்தரும் இல்ல."

நான் அத்தனை மாதத்தில் சேரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைக் கண்டதில்லை. "அப்ப அதையே போடுங்க தம்பி!"

"ஒரே ஒரு விதி சேர்," என்றா மிஸ் எழும்பிக்கொண்டே. "தடை ஒட்டின இடத்திலேயே திருத்தத்தையும் ஒட்டோணும். தமிழ்ல, பெரிய எழுத்தில."

"எவ்வளவு பெருசாவும் ஒட்டுங்க."

என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சின்ன மொழிபெயர்ப்பு அது. 'எமது அறிக்கையில் விளைச்சல் என வரும் முப்பத்தேழு இடங்களிலும் உடைதல் என வாசிக்கவும். அதாவது, ஆறு மீற்றர் ஆழத்துக்குக் கீழே மென்பாறை உடையும். உடைவு மேற்குப் பக்கமாகப் பரவும்.' சேர் கையெழுத்து வைத்தார். சீல் குத்தினார்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குத் தடை உரிக்கப்பட்டது, திருத்தம் ஒட்டப்பட்டது. பெக்கோ பெரிய இரைச்சலோடு கிளம்பியது. இரண்டு கூலிக்காரர்கள் ஏணியால் கீழே இறங்கினார்கள். சேரும் நானும் குழியின் விளிம்பில் நின்றோம். மார்கிறட் அக்கா தன் குசினிக் கதவில், அந்தச் சாத்தாத கதவில், சாய்ந்துகொண்டு நின்றா. வானத்தில் வெளிச்சம் குறைவு.

வாளியை உயர்த்திய ரொபின், தகரத்தில் புதிதாக ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டு அதை அந்தரத்தில் அப்படியே நிறுத்தினார். இருந்த இடத்திலிருந்தே வாசித்தார். பிறகு இறங்கிக் கிட்டப் போய், ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்து இன்னொரு தரம் வாசித்தார். திரும்பி வந்து மெசினை நிறுத்தினார். திறப்பைக் கழற்றி எடுத்தார். சோற்றுப் பார்சலையும் எடுத்தார்.

"டேய், ஒழும்பி வாங்கடா மேல! ரெண்டு பேரும் வாங்கடா!"

"என்ன ரொபின்?" சேர் கத்தினார். "தடைதான் எடுத்தாச்சே!"

"உடையும் எண்டு கிடக்கு சேர்."

"அது முதல் நாள்ல இருந்தே கிடக்கிறதுதானே! சொல்லைத்தான் மாத்தின. கல்லை மாத்தல்லயே!"

ரொபின் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லை, கணக்கை இன்னொரு தரம் கூட்டிப் பார்க்கிறவரின் முகம். "முதல் நாள்ல இருந்தேயா சேர்?"

சேருக்குத் தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் கேட்டது. "இல்ல மனே... அது மாதிரியிலதான் உடையும்."

"அப்ப நான் மாதிரியில வெட்டித் தாறன். இந்தக் குழிக்குள்ள நீங்க ஒருக்கா இறங்கிக் காட்டுங்க. இறங்கினா நானும் இறங்கிறன்."

கூலிக்காரர்கள் மேலே வந்துவிட்டார்கள். ஏணி காலியாக நின்றது. சேர் குழியைப் பார்த்தார். மாதிரியின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை எல்லையற்றது. அதைப் பாராட்டி மேலிடம் எழுதிய கடிதத்தை நானே தமிழாக்கியிருக்கிறேன். அவர் ஏணியைப் பார்த்தார். உக்கல் கல் ஒரு பிடி, யாரும் தொடாமலே, சுவரிலிருந்து உதிர்ந்து கீழே விழுந்தது. அதற்குச் சத்தமே இல்லை.

உதயரூபன் சேர் ஒரு அடி பின்னால் வைத்தார்.

எங்கள் அலுவலகத்தில் திரையைப் பார்க்காமல் எடுக்கப்பட்ட முதலாவது பொறியியல் முடிவு அது. மிகச் சரியான முடிவு. இரண்டு நாளில் குழியை மூடினோம். மழைக்கு முதல் மூடி முடித்தோம். 'மாதிரியின் ஆலோசனைக்கு அமைய' மூடப்பட்டதாகக் கோவையில் எழுதியிருக்கிறது. மார்கிறட் அக்கா கிழமைக்கணக்காகக் கேட்டதும் இதைத்தான், ஆனால் அவ மாதிரி இல்லை, மனுசி. அதனால் அவவின் பெயரை எழுத இடம் வரவில்லை. இதையும் தமிழில் எழுதியவன் நான்தான். இந்த முறை அகராதி தேவைப்படவில்லை.

பின்னால் வைக்க சேருக்கு ஒரு அடி இருந்தது. மார்கிறட் அக்காவின் குசினிக்குப் பின்னால் இருந்தது வாவி.